ரொனால்டுக்கு ஒரு நன்றிப் பூசை

— நிறுத்து. அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன்னால், இங்கே யார் யார் இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். சாட்சி இருக்கட்டும். நான், பவுல்சாமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் மனைவி லூயிசா, அவளும் ஆசிரியை. என் மகன் ரொனால்ட். சுவரில் என் தகப்பனார், அவரும் தலைமையாசிரியர். இந்த நாலு பேர் முன்னிலையில், நீ இப்போது சொன்னதை இன்னொரு தடவை சொல்.

— தாத்தாவும் ஆஜரா டாடி?

— மாலை போட்டிருந்தாலும் ஆஜர்தான். சொல்.

— புரோமோஷன் வேணாம்னு சொல்லிட்டேன்.

— யாரிடம்?

— மேனேஜர்கிட்டதான். டீம் லீடரா போடறேன்னாரு. இல்ல சார், இருக்கிற வேலையே எனக்குப் போதும்னேன்.

— அவர் என்ன சொன்னார்?

— மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் கதவ சாத்திட்டு வந்து, வேற கம்பெனிக்குப் போறியான்னாரு. இல்லன்னேன். உடம்பு ஏதாவது சரியில்லையான்னாரு. நல்லா இருக்கு சார்னேன். வீட்ல ஏதாவது பிரச்சினையான்னாரு.

— அதற்கு என்ன சொன்னாய்?

— இனிமேதான் சார் வரும்னேன்.

— லூயிசா, இவன் பேசுவதைக் கேட்டாயா?

— நான் ஒண்ணும் சொல்லல. கொத்தமல்லி ஆய்ஞ்சுகிட்டு இருக்கேன்.

— நாளைக் காலைப் பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது தெரியுமா உனக்கு?

— என்ன கருத்து டாடி?

— 'மகன் ரொனால்ட் பதவி உயர்வு பெற்றதற்கு இறைவனுக்கு நன்றியாக, பவுல்சாமி குடும்பத்தார்.' பூசை தொடங்கும் முன்னால் கோயில் உபதேசியார் மைக்கில் வாசிப்பார். கொடிமரம் வரைக்கும் கேட்கும்.

— நான் இன்னும் வாங்கவே இல்லையே. அதுக்குள்ள எப்பிடி எழுதிக் குடுத்தீங்க?

— 'குடுக்கப் போறாங்க டாடி' என்று போன வாரம் சாப்பிடும்போது நீதான் சொன்னாய்.

— குடுக்கப் போறாங்கன்னு சொன்னேன். வாங்கப் போறேன்னு சொல்லல.

— கொடுத்தால் வாங்குவார்கள். உலகம் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. கொடுப்பதை ஒருவன் வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பான் என்று நான் எப்படி நினைத்துப் பார்ப்பேன்?

— ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்.

— ஆண்டவருக்கு நன்றி சொல்ல உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

— ஆண்டவருக்கு மட்டும் சொல்லியிருந்தா பரவால்ல. டிகுரூஸ் அங்கிள்கிட்டயும் சொல்லிட்டீங்களாமே.

— லூயிசா?

— நான் ஒண்ணும் சொல்லல. டிகுரூஸ் வீட்டு வாசல்ல நீங்க நெஞ்ச நிமித்திகிட்டு நின்னதப் பாத்தேன்னு மட்டும் சொன்னேன்.

— அவன்தான் என்னை நிறுத்தினான். அவன்தான் பேச்சைத் தொடங்கினான். மூத்தவன் கனடாவில் வீடு வாங்கிவிட்டானாம். இளையவனுக்குத் துபாயில் கார் கொடுத்திருக்கிறார்களாம். மாதம் தவறாமல் அவன் வீட்டு நன்றி வாசிக்கப்படுகிறது. போன மாதம் அவன் மருமகள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியதற்கு ஒரு நன்றி. அதையும் நான் கைகூப்பிக்கொண்டு கேட்டேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான் என்று ஒரு நாளாவது நான் சொல்ல வேண்டாமா?

— அப்ப அது ஆண்டவருக்கு நன்றி இல்ல டாடி. டிகுரூஸ் அங்கிளுக்கு பதில்.

— வாயை மூடு. மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் நூர் முஹம்மது பாய், நாளைய பூசைக்கு என்று எனக்கு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறார். கூலி வாங்க மாட்டேன், பையனுக்கு என் வாழ்த்து என்கிறார். அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? காரணம் சொல். ஒரு காரணம். தலைமையாசிரியருக்கு விளங்கும்படி.

— பெருசா ஒண்ணும் இல்ல. டீம் லீடர்னா அமெரிக்காகாரன் முழிக்கிற நேரத்துக்கு மீட்டிங். அவன் முழிக்கறப்ப நமக்கு சாயங்காலம். அவன் தூங்கற வரைக்கும் விட மாட்டான். ஞாயித்துக்கிழமையும் ஃபோன் வரும். எங்க டீம் லீடர் ரகுபதி சார் என்ன ஆனாருன்னு தெரியுமா?

— என்ன ஆனார்?

— சீனியர் டீம் லீடர் ஆனாரு.

— நல்லதுதானே.

— நீங்க அவரு மூஞ்சியப் பாக்கல டாடி.

— நீ உழைக்க அஞ்சுகிறாய். அதற்கு இத்தனை சுற்று.

— உழைக்காம இல்ல. குடுத்த வேலைய முடிக்கறேன். என் வேலைல ஒரு தப்பு வந்ததில்ல. முடிஞ்சதும் கிளம்பறேன். அதுக்கு மேல செய்ய மாட்டேன்னு சொல்றேன், அவ்ளோதான்.

— மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர்?

— மாணவன்.

— லூயிசா, சிரிக்காதே.

— சிரிக்கல. கொத்தமல்லில மண்ணு.

— இதெல்லாம் அந்தப் பட்டினப்பாக்கம் கடற்கரைச் சங்கத்தின் வேலை. மந்தைவெளி சித்தார்த்தன், அந்தக் கயல் என்கிற பெண், இன்னும் இரண்டு பேர். சனிக்கிழமை இரவானால் மணலில் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். சுண்டல்கூட வாங்குவதில்லை என்று கேள்வி. என்ன உங்கள் சங்கத்தின் கொள்கை?

— சங்கம்லாம் இல்ல டாடி. ஆரம்பிக்கலாம்னு ஒரு நாளு பேச்சு வந்துச்சு. சங்கம்னா ஒரு தலைவர் வேணுமாம். யாரும் நிக்க மாட்டேன்னுட்டாங்க.

— செயலாளர்?

— அதுக்குத்தான் இன்னும் வேலை ஜாஸ்தி.

— இந்தப் பேச்சை என் தகப்பனார் கேட்டிருந்தால்.

— கேட்டுகிட்டுதான இருக்காரு. நீங்கதான ஆஜர் போட்டீங்க. சரி, வாங்க டாடி, மொதல்ல போர்டுல உக்காருவோம். ஃபேன் காத்துல பவுடர் பறக்குது.

— இன்றைக்குக் கேரம் கிடையாது.

— அப்ப பவுடர் யாரு போட்டது?

— தூசு படியாமல் இருப்பதற்காகப் போட்டேன்.

— காயின்லாம் அடுக்கி, நடுவுல ரெட்டும் வெச்சிருக்கு.

— அது பழக்கதோஷம். கேட்டுக்கொள், அந்த விளையாட்டை நான் உனக்காகத்தான் ஆடுகிறேன். பையன் தனியாக இருக்கிறானே என்று.

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பொழுது சாயறதுக்கு முன்னாலயே ஜன்னல்ல நின்னுகிட்டு, பஸ் வந்துச்சா, பஸ் வந்துச்சான்னு என் உயிர எடுக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது.

— லூயிசா, நீ எந்தப் பக்கம்?

— நான் எந்தப் பக்கமும் இல்ல. நாளைக்கு மைக்குல என்ன வாசிப்பாங்க, அதச் சொல்லுங்க. இல்லாத புரோமோஷனுக்கு நன்றி சொன்னா அது நல்லா இருக்காது. கருத்த மாத்திடுங்க. குடும்ப நலனுக்காகன்னு குடுத்துடலாம்.

— குடும்ப நலன் என்பது சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாதவர்கள் எழுதிக் கொடுப்பது.

— அப்ப உடல் நலத்துக்கு.

— பூசை முடிந்ததும் வரிசையில் வந்து யாருக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். டிகுரூஸ் தனக்குத் தெரிந்த டாக்டரின் பெயரைச் சொல்லுவான்.

— தாத்தா ஆன்மாவுக்கு?

— அவருக்கு நவம்பரிலேயே போட்டாயிற்று.

— டாடி, அந்தோனியாருக்கு ஒரு நன்றி போடலாம். காணாமப் போனது கெடச்சதுக்கு.

— இந்த வீட்டில் என்ன காணாமல் போனது?

— என் சாயங்காலம். போகப் பாத்துச்சு, திரும்பிக் கெடச்சிடுச்சு.

— லூயிசா, மறுபடியும் கொத்தமல்லியில் மண்ணா?

— டீச்சரம்மா, கதவு தொறந்துதான் கீது. உள்ள வரலாமா? வஞ்சரம் கொண்டாந்துகீறேன்.

— வா தாயம்மா. நாளைக்குத்தான கேட்டிருந்தேன்?

— நாளைக்கு ஞாயித்துக்கெயம. ரோட்டுல கார நிறுத்திக்கினு ஜனங்க பிச்சிக்கினு பூடும். உனக்குன்னு ஒரு முழு மீன எடுத்து ஐஸுல போட்டு வெச்சேன். நொச்சிக்குப்பத்துலேந்து கூடையத் தூக்கிக்கினு நடந்தே வரேன். அட, சாமி வூட்லதான் கீதா?

— எந்தச் சாமி?

— யாரு, நம்ம ரொனாலு சாமிதான். சாமி, இந்தக் கூடைய எறக்கிடறேன், என் தலையில கொஞ்சம் கைய வையி.

— தாயம்மாக்கா, என்னக்கா இது? எழுந்திருங்க. காலெல்லாம் தொடாதீங்க.

— பாத்தியா வாத்தியாரே, இப்பவே கால இழுத்துக்கிது. எவ்ளோ அடக்கம்.

— தாயம்மா, நில். இப்போது இந்தக் கூடத்தில் ஐந்து பேர் இருக்கிறோம், சுவரில் இருப்பவரையும் சேர்த்து. எல்லோருக்கும் விளங்கும்படி சொல். என்ன விஷயம்?

— இன்னா வாத்தியாரே, ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்கற? ஊரே பேசிக்கினு கீது. உன் புள்ள சாமியாருக்குப் படிக்கப் போவுதாமே.

— யார் சொன்னது?

— உங்க உபதேசியாருதான். நெத்திலி வாங்க வந்தாரு, சொல்லிட்டு அழுதாரு. கோயிலாண்ட ஒரு கண்ணாடி ரூம்பு கீதே, பேசாம உக்காந்து கும்புடுவீங்களே...

— நற்கருணைச் சிற்றாலயம்.

— அதேதான். அங்க தெனிக்கும் சாயங்காலம் உன் புள்ள கண்ண மூடிக்கினு குந்திக்கினு கீதாம். ஆடறது இல்ல, அசையறது இல்ல. ஒரு நாளு உபதேசியாரு மெழுகுவத்தி தட்ட கீய போட்டுட்டாராம். டமார்னு சத்தம். அப்பக்கூட கண்ணத் தொறக்கலியாம். நாப்பது வருசத்துல இப்பிடி ஒரு பக்தி நான் பாத்தது இல்லன்னாரு.

— ரொனால்ட், இது உண்மையா?

— சத்தம் கேட்டுச்சான்னு ஞாபகம் இல்ல டாடி.

— அப்பால இன்னொண்ணும் சொன்னாரு. அவரு மவ அன்புச்செல்வி இவங்க ஆபீசுலதான வேல செய்யுது? அது வந்து சொல்லிச்சாம், ரொனாலு பெரிய வேலய குடுத்தும் வோணாம்னுட்டுதுன்னு. தையில வந்த பொண்ணையும் வோணாம்னுட்டுது. வேலையும் வோணாம், பொண்ணும் வோணாம்னா, அப்பால இன்னா கீது? சாமியாருதான்.

— லூயிசா, இவன் அங்கே போவது உனக்குத் தெரியுமா?

— நான் ஒண்ணும்...

— தெரியுமா, தெரியாதா?

— சேப்பலுக்குப் போறான்னு தெரியும். எதுக்குப் போறான்னும் தெரியும்.

— எதற்கு?

— டாடி, நானே சொல்லிடறேன். தூங்கறதுக்கு.

— என்ன?

— தூங்கறேன் டாடி. இந்த மயிலாப்பூர் முழுக்கத் தேடினாலும், ஃபோன் எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கிற எடம் அது ஒண்ணுதான். ஏசி வேற. பஸ்ஸ விட்டு இறங்கி, ஒரு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ஜெபம் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துட்டு வந்தா கேரம் நல்லா ஆட வரும்.

— அந்த ஏசி யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரியுமா?

— கீழயே பேரு போட்டிருக்கே. டிகுரூஸ் குடும்பத்தார் அன்பளிப்பு.

— என் மகன், டிகுரூஸின் ஏசியில்.

— குளிரு எல்லாருக்கும் ஒண்ணாத்தான டாடி வருது.

— இரு. பேசாதே. யோசிக்க விடு. குருத்துவம். ம். நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார், என் அத்தை. குருவானவர் இல்லை. டிகுரூஸ் வீட்டில் கனடா இருக்கிறது, துபாய் இருக்கிறது. ஒரு சாமியார் இல்லை.

— டாடி, உங்க முதுகு நிமிர்ற விதமே சரியில்ல.

— நான் உன்னைப் போகச் சொல்லவில்லை. இல்லை என்று நாமாகப் போய் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறேன்.

— அது பொய் இல்லியா?

— பேசாமல் இருப்பது எப்படிப் பொய் ஆகும்? ஒன்றும் செய்யாமல் இருப்பது தப்பே இல்லை என்று இவ்வளவு நேரம் வாதாடியது நீ. சரி, ஒப்புக்கொண்டேன். நானும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

— அட, வாத்தியாரு மடக்கிட்டாரு பாரு.

— தாயம்மாக்கா, நீங்க சும்மா இருங்க. டாடி, எத்தன நாளைக்கு? குருமடத்துக்கு எப்பப் போறான்னு கேப்பாங்க. விடியறதுக்கு முன்னால எழுப்புவாங்களாம். தத்துவம் படிக்கணும், லத்தீன் படிக்கணும். முடிச்சு வந்தா பங்குக் கோயில், பள்ளிக்கூடம், கட்டட நிதி. அதுக்கு ரகுபதி சாரே தேவல.

— அதுவரைக்கும் போக வேண்டியதில்லை. இறையழைத்தல் வரும், போகும். சோதித்துப் பார்த்தான், தனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டான் என்று ஒரு வருடம் கழித்துச் சொல்லிவிடலாம். அது கௌரவமான தோல்வி. பதவி உயர்வை வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் கிடைத்தாயிற்று. சட்டையும் வீண் போகாது.

— நான் ஒண்ணு சொல்றேன்.

— நீதான் ஒன்றும் சொல்ல மாட்டாயே லூயிசா.

— இன்னைக்கு சொல்றேன். இந்தக் கொத்தமல்லிய அப்பிடி தள்ளி வைங்க. நம்ம பொண்ணு லிசாவுக்கு நாம எத்தன நன்றி போட்டோம்? பெங்களூரு போனதுக்கு ஒண்ணு. அங்கேந்து லண்டன் போனதுக்கு ஒண்ணு. மேனேஜர் ஆனதுக்கு, அதுக்கும் மேல ஏதோ ஆனதுக்கு. ஒவ்வொரு தடவையும் நீங்க புதுச் சட்ட போட்டுகிட்டு மொத பெஞ்சுல உக்காந்தீங்க. நானும் பட்டுப்புடவை கட்டிகிட்டு உக்காந்தேன். போன கிறிஸ்மஸுக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கா?

— இருக்கிறது. மூன்று நாள் இருந்தாள்.

— மடியில லேப்டாப்ப வெச்சுகிட்டு கேக் தின்னா. நான் பேச வாயத் தொறந்தா, மீட்டிங்ல இருக்கேன் மம்மின்னு கையக் காட்டினா. ஏர்போர்ட்ல கட்டிப் புடிச்சுகிட்டப்பக்கூட காதுல அந்த வெள்ள மிஷின் இருந்துச்சு. எனக்கு பை சொன்னாளா, அதுல இருந்தவனுக்கு பை சொன்னாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— லூயிசா.

— இவன் சாயங்காலம் வீட்டுக்கு வரான். காப்பி குடிக்கறான். நான் சொல்ற கதைய, ஏற்கெனவே சொன்னதா இருந்தாலும், உட்காந்து கேக்கறான். உங்க கூட ஆடித் தோக்கறான். இத நான் ஆண்டவர்கிட்ட கேட்டு வாங்கினேன். இதுக்கு ஒரு நன்றி போடணும்னு உங்களுக்குத் தோணல.

— என்ன சொன்னாய்? தோற்கிறானா? வேண்டுமென்றே தோற்கிறானா?

— நான் பேசினது எல்லாத்துலயும் உங்க காதுல வியுந்தது அது ஒண்ணுதானா?

— டீச்சரம்மா, உனக்கே எங்க பாஷ வந்துட்டுது பாரு. அவ்ளோ கோவம்.

— டாடி, உங்க ஃபோன் அடிக்குது.

— யார்?

— பங்குச்சாமி.

— கொடு. எல்லோரும் அமைதி. ஹலோ. ஸ்தோத்திரம் ஃபாதர். ஆமாம், பவுல்சாமிதான். அப்படியா? உபதேசியார் சொன்னாரா? ஆமாம் ஃபாதர், தினமும் அங்கே வருகிறான், அது உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டுதான், ஆமாம்.

— டாடி, என்ன சொல்றாரு?

— இருடா. இல்லை ஃபாதர், உங்களைச் சொல்லவில்லை. நாளைக்கா? பீடத்துக்கா? எல்லோர் முன்னாலுமா? அவரா? அவரே சொன்னாரா? ஃபாதர், ஒரு நிமிடம் பொறுங்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

— ஃபோன நல்லாப் பொத்திக்கினியா வாத்தியாரே? இன்னான்னாரு?

— கருத்தை அவரே மாற்றிவிட்டாராம். 'இறையழைத்தல் பெற்ற ரொனால்டுக்காக நன்றி.' நாளைக்கு இவனைப் பீடத்துக்கு அழைத்து நிறுத்தி, மொத்தக் கோயிலும் கையை நீட்டி ஜெபிக்கப் போகிறார்களாம். மாலை வாங்க டிகுரூஸ் பூக்கடைக்குப் போயிருக்கிறானாம்.

— டிகுரூஸ் அங்கிளா?

— டிகுரூஸ். தன் கையால் போடப் போகிறானாம். உனக்கு ஒன்று. எனக்கு ஒன்று.

— மாதாவே.

— நான் என்ன சொல்லட்டும்? ஃபாதர் காத்திருக்கிறார். யாராவது வாயைத் திறங்கள்.

— சரி டாடி.

— என்ன சரி?

— போய் நிக்கறேன். உங்களுக்கு அவ்ளோ ஆசையா இருந்தா நிக்கறேன். ஒரு காலைதான. மாலைய வாங்கிகிட்டு எறங்கிடறேன்.

— கொடுத்த வேலைக்கு மேல் எதுவும் செய்ய மாட்டேன் என்றாயே.

— அது ஆபீசுக்கு. நீங்க ஆபீஸ் இல்லியே டாடி.

— ம்.

— என்னங்க, ஃபாதர் லைன்ல இருக்காரு.

— இருக்கட்டும். ரொனால்ட், ஒன்று கேட்கிறேன். நேற்று ரெட் பாக்கெட்டின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். நீ அடித்தாய், விழவில்லை. வேண்டுமென்றே விட்டாயா?

— இல்ல டாடி. நெஜமாவே தவறிடுச்சு.

— காதைக் காட்டு. இந்தப் பக்கம் திரும்பு.

— எதுக்கு டாடி?

— தாயம்மா, நீயே பார். என்ன நிறம்?

— செவந்துட்டுது வாத்தியாரே. சங்கரா மீனு மாதிரி கீது.

— மூன்றாம் வகுப்பிலிருந்து இதே காதுதான். ஒரு ரெட் காயினுக்கே மறைக்கத் தெரியவில்லை. இந்தக் காதை வைத்துக்கொண்டு பீடத்தில் ஏறி, ஆண்டவர் முன்னாலும் டிகுரூஸ் முன்னாலும் நிற்கப் போகிறாயா?

— நீங்கதான டாடி...

— நான்தான். நானே முடிக்கிறேன். உட்கார், போர்டை உன் பக்கம் இழு. இன்றைக்கு நீ விட்டுக்கொடுத்தால் தெரியும் சேதி. லூயிசா, அந்த மீனை உள்ளே எடுத்துவை, சட்டையை வெளியே எடுத்துவை, நாளைக்குப் போடுவேன். தாயம்மா, நீயும் இருந்து கேட்டுவிட்டுப் போ, நாளை ரோட்டில் சரியாகச் சொல்ல வேண்டும். ஹலோ, ஃபாதர், மன்னிக்கவும், காக்க வைத்துவிட்டேன். மாலை வேண்டாம் என்று டிகுரூஸிடம் சொல்லிவிடுங்கள். கருத்தில் மாற்றம் இருக்கிறது, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். 'மகன் ரொனால்ட் தினமும் மாலையில் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு இறைவனுக்கு நன்றியாக, பவுல்சாமி, லூயிசா.' ஆமாம், அவ்வளவுதான். மைக்கில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பதவி உயர்வு கிடையாது. குருமடமும் கிடையாது. இல்லை ஃபாதர், உபதேசியார் சொன்னது தவறு. என் மகன் அங்கே தியானம் செய்யவில்லை. டிகுரூஸ் வாங்கிக் கொடுத்த ஏசியில் தூங்குகிறான்.